நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை

குமரி, நெல்லை மாவட்டங்களில் புற்றுநோய் என்று தெரிந்ததும் பலர் போய்ச் சேரும் இடம் திருவனந்தபுரம். 1981-இல் அங்கே தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் மாநில எல்லை பார்த்ததில்லை. ஆனால் புற்றுநோய்க்கான சிகிச்சை வளர்ந்த வேகத்தில் நம் நாட்டில் வலிக்கான சிகிச்சை வளரவில்லை. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுந்தண்டனைக்கு அஞ்சி, மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும், அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினைக் கைவிட்டன. காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசே அபினி ஆலை நடத்தும் நாட்டில், 1997-இல் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் சுமார் 18 கிலோதான். பழியை எல்லோரும் சட்டத்தின் மேல்தான் போடுகிறார்கள். அது பாதி உண்மை. 2014-இல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்திய பிறகும் பல மாநிலங்களில் அந்த மாத்திரை நோயாளிக்கு எட்டவில்லை. கேரளத்தில் எட்டியது என்றால், விதிகள் தளர்ந்ததோடு, மருந்தின் குணம் தெரிந்த நர்ஸ்கள் வீடு தேடிப் போனதும் காரணம்.

2003-இல் திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முன்னின்று தொடங்கிய பாலியம் இந்தியா மருத்துவர்களோடு நர்ஸ்களுக்கும் பயிற்சி தந்தது. 2008-இல் கேரள அரசு வலிதணிப்புக்கென்றே கொள்கை வகுத்தது. வீட்டுக்குப் போகும் நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சிலதான். ஆனால் ஒன்றையும் விட முடியாது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே வலி திரும்பும்வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துத் தர வேண்டும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மலச்சிக்கல் அடங்காது, முதல் நாளிலிருந்தே பேதி மருந்து சேர வேண்டும். சிறுநீரகம் கெட்டவர் உடலில் மருந்தின் கழிவு தேங்கும். தசை வெட்டி இழுத்தால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

நோயாளி அடிமையாகிவிடமாட்டாரா என்று கேட்பார்கள். கோழிக்கோட்டில் இரண்டாண்டுகளில் 1,723 பேருக்கு வீட்டிலேயே உட்கொள்ள மார்ஃபின் தரப்பட்டது. மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே கசிந்ததாகவோ ஒரு நிகழ்வும் கண்டறியப்படவில்லை என்று 2001-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. மூச்சு நின்றுவிடாதா என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. அளவு மீறினால் அது நேரும். ஆனால் மூச்சு குறையுமுன் பெரும்பாலும் மயக்கம் கூடும். எழுப்பினால் எழுகிறாரா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பார்க்கத் தெரிந்தவர் அதை முன்கூட்டியே பிடித்துவிடுவார். இதெல்லாம் மருத்துவரின் வேலை, நர்ஸ் சொன்னதைச் செய்தால் போதும் என்பது மூன்றாவது வாதம். மருந்தெழுதிய மருத்துவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மருந்து வேலை செய்வதோ நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டுக் கட்டிலில். அங்கே போய் நிற்பவர் நர்ஸ். அவருக்கு மருந்தியலைச் சுருக்கிச் சொல்லிக்கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

உங்கள் வீட்டில் யாராவது மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தால், பேதி மருந்து எழுதப்பட்டிருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். வலி தணிந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.