பித்தளை பம்பிலிருந்து சிவப்பு சிலிண்டர் வரை

இந்த வார எபிசோடுக்கு விஷயம் தேடி நான் எங்கேயும் போகலை. எங்க சித்தப்பா காரில், டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து அதுவே உருண்டு வந்தது.

அத்தை பெண்ணுக்கு வரன் அமையணும்னு திருவிடந்தை போயிருந்தோம். நித்ய கல்யாணப் பெருமாள் கோயில். சாத்தித் திரும்ப வாங்கின மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றணும். எல்லாம் நல்லபடியா முடிஞ்சு, ஈசிஆரில் சென்னைப் பக்கம் திரும்பினோம். கோவளம் தாண்டுறதுக்குள்ள ஒரு மாடு குறுக்கே வந்தது. சித்தப்பா பிரேக்கை மிதிச்சார், வேகம் குறைஞ்சது. மறுபடி மிதிக்கும்போது பெடல் பாதியிலேயே நின்னுடுச்சு. ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஒருவழியா ஓரம் கட்டினோம். குனிஞ்சு பார்த்தால், பெடலுக்குப் பின்னால் ஒரு கிலோ தீயணைப்பான்.

"பாதுகாப்புக்குத்தானேடா வாங்கி வச்சேன்" என்றார் சித்தப்பா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமா இருந்தது.

கையில் தூக்கக்கூடிய தீயணைப்பானுக்கு முன்னோடி என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1818-இல் ஜார்ஜ் வில்லியம் மேன்பி என்ற ஆங்கிலேயர் செய்த செம்புப் பாத்திரம். உள்ளே மூன்று கேலன் பொட்டாசியம் கார்பனேட் கரைசல், அதற்கு மேல் அழுத்திய காற்று. கரையோரம் உடைந்த கப்பல்களுக்குப் பீரங்கியால் கயிறு எறிந்து ஆட்களைக் காப்பாற்றும் முறையை உருவாக்கியவரும் இதே மனிதர்தான்.

கார் வந்த பிறகு கதை மாறியது. ஆரம்பகாலக் கார் கிட்டத்தட்ட தீப்பெட்டி மாதிரி. மரச் சட்டம், கசியும் கார்புரேட்டர், முன்னால் கார்பைடு விளக்கில் எரியும் நிஜமான சுடர். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவத்தான் செய்யும். இந்த இடத்தில் நுழைந்தது அமெரிக்காவின் பைரீன் கம்பெனி. 1910-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து அவர்கள் விற்றது பித்தளையில் செய்த ஒரு கைபம்பு. உள்ளே கார்பன் டெட்ராகுளோரைடு. மழைக்காலத்தில் பிள்ளைகள் மூங்கில் குழாயில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அதே மாதிரி இழுத்துத் தள்ளினால் திரவம் பாயும்.

இதில் எனக்குப் பிடித்தது, அதை வைத்த இடம். கையெட்டும் தூரத்தில், அதற்கென்றே உள்ள கவ்வியில் மாட்டுவார்கள். உள்ளே அழுத்தம் இல்லாததால் வெயிலுக்கும் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் திரவமே எமன். அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும். சூடான உலோகத்தில் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற விஷவாயு அது. மூடிய காருக்குள் அடித்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 1950-களில் பல நாடுகளில் அது கைவிடப்பட்டது. பிறகு வந்த ஹாலான் சுத்தமாகத் தீயை அணைத்தது, ஆனால் ஓசோன் படலத்தைத் தின்றது. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை அதற்கும் முடிவு கட்டியது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது.

மிச்சம் நின்றது உலர்பொடி. சித்தப்பா காரில் உருண்டது இதுதான். நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்த அமோனியம் பாஸ்பேட் பொடி. விஷம் குறைந்தது, ஆனால் இப்போது சிலிண்டருக்குள் எப்போதும் அழுத்தம் உண்டு. வெயிலில் மூடி நிற்கும் காரில் டாஷ்போர்டு 70 டிகிரி வரை போகலாம். அதனால் லேபிளில் போட்டிருக்கும் வெப்ப அளவைப் பார்த்து, வெயில் படாத தாழ்வான இடத்தில் வைக்கணும். நம்ம ஆட்கள் சிலிண்டரை மட்டும் வாங்கினோம், பழைய கவ்வியை மறந்துட்டோம்.

ஒரு கணக்கு சொல்றேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கும் சிலிண்டர் அதே வேகத்தில் முன்னால் பாயும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூணாவது மாடியிலிருந்து, விழும் பொருளுக்கு உள்ள வேகம் அது. வழியில் யார் தலை இருக்குன்னு அது பார்க்காது.

அப்போ டிக்கியில் போட்டுடலாமேன்னு கேட்பீங்க. அங்கே உருளாமல் இருக்கலாம், ஆனால் பானெட்டில் புகை வரும்போது கல்யாணப் பைகளைக் கிளறிக்கிட்டு நிற்கணும். ஒரு கிலோ சிலிண்டர் பத்து நொடிக்குள் காலியாகிவிடும் சமாச்சாரம். என்ஜினை அணைச்சு, எல்லாரையும் இறக்கிட்டு, பானெட்டை முழுசா திறக்காமல் இடுக்கு வழியா அடிக்கணும். ஈசிஆரில் பிற்பகல் காற்று கடலிலிருந்து வரும், அதனால் கடல் பக்கம் நின்னு அடிங்க. தீ பெரிசாயிட்டாலோ, பேட்டரிக் கார் என்றாலோ, தள்ளிப் போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்க.

சித்தப்பா அடுத்த வாரமே ஒரு இரும்புக் கவ்வி வாங்கி, முன்பக்கப் பயணி சீட்டுக்கு முன்னால் தரையில் போல்ட் போட்டு மாட்டிட்டார். அத்தைக்குக் கால் நீட்ட இடம் போச்சுன்னு கோபம். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதும் பழைய மாலையோடு மறுபடி திருவிடந்தை போகணும் இல்லையா, அப்போ பின்சீட்டில்தான் உட்காருவேன்னு இப்பவே சொல்லிட்டாங்க.