பாதுகாப்புச் சில்லு (கணினி)

பாதுகாப்புச் சில்லு அல்லது டி.பி.எம். என்பது மறையீட்டுத் திறவுகோல்களைக் கணினியின் பிற பகுதிகளிலிருந்து பிரித்துக் காத்து வைக்கும் வன்பொருட் கூறு ஆகும். இது தாய்ப்பலகையில் தனிச் சில்லாக இருக்கலாம். நுண்செயலியோடு சேர்ந்த நிலைப்பொருளாகவும் இருக்கலாம். விண்டோஸ் 11 இயங்குதளத்திற்கு இதன் 2.0 பதிப்பு கட்டாயம் என மைக்ரோசாப்ட் நிறுவனம் 2021 ஜூன் மாதத்தில் அறிவித்தது. அதன் பின்னரே பொதுப் பயனர்கள் பலர் இப்பெயரை அறிந்தனர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றமையால், பழைய கணினியை மேம்படுத்தலாமா, மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கான விடை பெரிதும் இச்சில்லையும் நுண்செயலியையும் பொறுத்ததாயிற்று.

வரலாறு

ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாப்ட், எச்.பி., காம்பேக் ஆகிய நிறுவனங்கள் 1999இல் அமைத்த கூட்டணியில் இதன் தொடக்கம் உள்ளது. 2003இல் அக்கூட்டணியின் இடத்தை நம்பகக் கணிமைக் குழு எடுத்துக்கொண்டது. நெடுங்காலம் வழக்கிலிருந்த 1.2 பதிப்பு 2009இல் பன்னாட்டுச் சீர்தரமாக ஏற்கப்பட்டது. 2014இல் வெளிவந்த 2.0 பதிப்பு, வலுவிழந்துவிட்ட பழைய மறையீட்டு முறைகளோடு கட்டுண்டு நில்லாமல் புதியவற்றையும் ஏற்கிறது. பதிப்பு எண்ணில் தெரியும் வேறுபாடு சிறிதெனினும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

சரிபார்க்கும் முறை

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, தோன்றும் பெட்டியில் டி.பி.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு புள்ளி, எம்.எஸ்.சி. என்னும் மூன்று எழுத்துகள் ஆகியவற்றை இடைவெளியின்றித் தட்டச்சிட வேண்டும். திறக்கும் சாளரத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று தயாரிப்பாளர் பதிப்பு. மற்றொன்று விவரக்குறிப்புப் பதிப்பு. பார்க்க வேண்டியது இரண்டாவதே. தயாரிப்பாளர் பதிப்பில் 7 என்றோ 11 என்றோ இருப்பதைக் கண்டு மகிழ்வதும், 1 என்று இருப்பதைக் கண்டு கலங்குவதும் பொருளற்றவை.

விவரக்குறிப்புப் பதிப்பு 2.0 எனில் இத்தேவை நிறைவேறியது. 1.2 எனில் அச்சில்லு விண்டோஸ் 11க்குப் போதாது. எனினும் 2015, 2016ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த சில டெல், எச்.பி. கணினிகளில் 1.2 சில்லை 2.0 ஆக மாற்றும் நிலைப்பொருளை அந்நிறுவனங்களே வழங்கியுள்ளன.

பெரும் குழப்பம் தருவது மூன்றாவது நிலை. ஒத்திசைவான டி.பி.எம். காணப்படவில்லை என்ற செய்தி தோன்றினால் சில்லே இல்லை என்று பலர் முடிவு செய்கின்றனர். அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும் இதே செய்திதான் வரும். 2021க்கு முன்னர் விற்கப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில் இவ்வசதி அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. குறிப்பாக, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பாகங்களை வாங்கிக் கோத்த மேசைக் கணினிகளில் இதனை ஐயுற இடமுண்டு. கணினியைத் தொடக்கும்போது பயாஸ் அமைப்பினுள் சென்று பார்த்தால், இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்றும், லெனோவோ கணினிகள் பலவற்றில் செக்யூரிட்டி சிப் என்றும் இது குறிக்கப்பட்டிருக்கும். அதனை இயக்கிவிட்டு மீண்டும் சரிபார்க்க வேண்டும். 2021இல் அறிவிப்பு வந்த உடனே, தாய்ப்பலகையில் செருகும் தனிச் சில்லுகளின் விலை உலகச் சந்தையில் பன்மடங்கு ஏறியது. வாங்கியோர் பலருக்கு அது தேவையே இருந்திருக்காது.

பயாஸ் அமைப்பில் செய்த மாற்றம் நிலையாக இருக்குமெனக் கொள்ளக் கூடாது. தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்தாலோ, பயாஸ் புதுப்பிக்கப்பட்டாலோ பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். மேலும், பழைய பயாஸ் முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால், வன்தட்டின் பிரிப்பு முறையை மாற்றாமல் யூ.ஈ.எஃப்.ஐ. முறைக்குத் தாவுவது கணினியைத் தொடங்கவிடாமல் செய்துவிடும்.

சில்லு இருப்பது மட்டும் போதாது. இன்டெல் நுண்செயலிகளுள் ஒருசிலவற்றைத் தவிர, 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை மைக்ரோசாப்டின் ஆதரவுப் பட்டியலில் இல்லை.

எச்சரிக்கை

அதே சாளரத்தில் சில்லை அழிக்கும் பொத்தானும் உண்டு. பார்வையிட மட்டும் வந்தவர் அதனைத் தொடவே கூடாது. வன்தட்டு பிட்லாக்கர் மூலம் மறையீடு செய்யப்பட்டிருந்தால் அதனைத் திறக்கும் வழி இச்சில்லில் உள்ளது. சில்லை அழித்த பின் 48 இலக்க மீட்புத் திறவுகோல் இன்றி வன்தட்டிலுள்ள ஒளிப்படங்களையோ ஆவணங்களையோ எவராலும் மீட்க இயலாது. பழுதுபார்ப்பவரின் திறமைக்கு இங்கு இடமில்லை. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல மடிக்கணினிகளில் பயனர் அறியாமலேயே மறையீடு தொடங்கியிருக்கும். ஆகவே பயாஸ் அமைப்பைத் தொடுமுன் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதே முறை.

தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தின் கீழ், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களின் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. பல வீடுகளில் அதுவே முதற்கணினி. முதல் ஆண்டுகளில் வழங்கப்பட்டவை எட்டாம் தலைமுறை நுண்செயலி வெளிவரும் முன்னரே கைக்கு வந்தவை. எனவே அவற்றில் சில்லைத் தேடிக் காலம் செலவிட வேண்டியதில்லை. விண்டோஸ் 11 அவற்றுக்கு முறைப்படி கிடைக்காது. விண்டோஸ் 10 இயங்குபவற்றைத் தனிப்பயனர் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்து, 2026 அக்டோபர் 13 வரையிலான பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற மைக்ரோசாப்ட் வழி செய்தது. இதற்குச் சில்லு தேவையில்லை.

இம்மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. பலர் அதனைத் திறந்தும் பார்க்கவில்லை என்பது வேறு. டெபியனை அடிப்படையாகக் கொண்ட இவ்வியங்குதளம், 2005இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் ஆக்கம்; முதற்பதிப்பு 2007இல் வந்தது. அம்மையம் சென்னை சி-டாக் நிறுவனமும், பம்மலை அடுத்த குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் இணைந்து நடத்தியது. பாஸ் உள்ளிட்ட லினக்சு வழங்கல்களை நிறுவ டி.பி.எம். சில்லு தேவையில்லை. எனினும் 2011ஆம் ஆண்டுக் கணினியில் வந்த அதே பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்துவதும் ஆதரவு முடிந்த விண்டோசைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒன்றே. ஆதரவுள்ள புதிய பதிப்பையே நிறுவ வேண்டும்.