ஓவிய வார்னிஷ்

ஓவிய வார்னிஷ் என்பது வரைந்து உலர்ந்த வண்ணப் பரப்பின்மேல் பூசப்படும், ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு. தூசும் புகையும் வண்ணத்தில் படியாமல் இது காக்கிறது. பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பி ஒளிச்சிதறலைக் குறைப்பதால் அடர்நிறங்கள் ஆழம் பெறுகின்றன. நாளடைவில் பழுப்பேறி, காக்க வந்த நிறத்தையே மறைப்பது இதன் பெருங்குறை.

தொடக்கம்

பண்டை எகிப்தியர் வண்ணந்தீட்டிய சவப்பெட்டிகளில் பிஸ்தா இன மரங்களின் பிசினைப் பூசினர். கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸ் தம் படங்களுக்கு மெல்லிய மேற்பூச்சு இட்டதாக ரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார்.

எண்ணெயும் பிசினும்

12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்னும் துறவி, ஆளிவிதை எண்ணெயில் பிசினைக் காய்ச்சிப் பூசி வெயிலில் உலர்த்தும் முறையை விவரித்தார். இப்பூச்சு உறுதியானது, ஆனால் இறுகியபின் அடியிலுள்ள எண்ணெய் வண்ணத்தைச் சேதப்படுத்தாமல் அகற்றுவது கடினம். பின்னர், கியோஸ் தீவின் மஸ்திக் பிசினை டர்பன்டைனில் கரைத்துப் பூசும் வழக்கம் பரவியது. 19ஆம் நூற்றாண்டில் தென்கிழக்காசியாவின் டமார் பிசின் அதனுடன் சேர்ந்தது. தமிழர் குங்கிலியம் என்றழைக்கும் பிசின் வகைகளுக்கு இது உறவு. மஸ்திக், டமார் இரண்டையும் பழுப்பேறிய பிறகும் தக்க கரைப்பானால் நீக்கலாம்.

பழுப்பும் சர்ச்சையும்

ரெம்பிராண்ட் 1642இல் முடித்த படம் ஒன்று, வார்னிஷும் அழுக்கும் கறுத்ததால் இரவுக் காட்சியாகத் தோன்றி, ‘இரவுக் காவல்’ எனப் பெயர்பெற்றது. 1940களில் தூய்மை செய்தபோது பகலொளி வெளிப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் படங்களைத் தூய்மை செய்ததை எதிர்த்து 1846இல் நாளிதழில் கண்டனக் கடிதங்கள் வெளியாயின. பழுப்போடு மூலவண்ணமும் போய்விட்டது என்பதே குற்றச்சாட்டு. பிசாரோ, மோனே போன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் பல படங்களை வார்னிஷ் இன்றியே விட்டனர்.

செயற்கைப் பிசின்கள்

20ஆம் நூற்றாண்டில் வந்த பாராலாய்ட் பி-72 என்னும் அக்ரிலிக் பிசின் எளிதில் மஞ்சளாவதில்லை. ஆனால் அதன் மூலக்கூறுகள் பெரியவை. அதனால் இயற்கைப் பிசின் தரும் நிற ஆழத்தை அது முழுமையாகத் தருவதில்லை. எனவே சிறிய மூலக்கூறுகள் கொண்ட ஹைட்ரோகார்பன் பிசின்கள், புற ஊதாக் கதிரின் பாதிப்பைக் குறைக்கும் சேர்மங்களுடன் பயன்பாட்டுக்கு வந்தன. வண்ணத்தைத் தொடாமல் மீண்டும் நீக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே இன்று ஓவியப் பாதுகாவலர் வார்னிஷிடம் வைக்கும் முதல் நிபந்தனை.