படைவீரர் மார்புருவ வண்ணந்தீட்டல்

ரெசினில் வார்த்த, பெரும்பாலும் 1/10 அளவிலான படைவீரர் மார்புருவத்துக்கு அக்ரிலிக், எண்ணெய் வண்ணங்களைப் பூசும் கலை. தோல்நிறம் என்று ஒரே நிறம் கிடையாது என்பதே இதன் அடிப்படை. வெளிர்தோல் ஆணின் நெற்றி சற்றே மஞ்சளாகவும், இரத்த ஓட்டம் மிகுந்த கன்னமும் மூக்கும் காதும் சிவந்தும், மழித்த தாடை நீலச்சாம்பலாகவும் தெரியும். கடையில் கிடைக்கும் தோல்நிறக் குப்பி ஒன்றையே பூசினால் முகம் பொம்மையாகிவிடும். எண்ணெய் வண்ணம் மெதுவாக உலர்வதால் இந்நிறங்களை ஒன்றோடொன்று இழையவிடலாம். அக்ரிலிக்கில் பெரும்பாலும் நீர்த்த பூச்சுகளை அடுக்கியே அதை எட்டுவார்கள்.

உருவம் இவ்வளவு பெரிதாக இருக்க, விழும் வெளிச்சமே நிழல் தராதா, அதைத் தீட்டுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. 54 மி.மீ. உயரச் சிறு முழு உருவத்தைவிட இதில் தீட்டும் நிழலை அடக்கி வாசிக்கலாம் என்பது சரிதான். ஆனால் அறையின் விளக்கும் சுவரும் உருவத்தைவிட மிகப் பெரியவை. நாற்புறமும் ஒளி பரவி, கண்குழியிலும் கழுத்துப்பட்டைக்கு அடியிலும் நிழல் கரைந்துபோகிறது. ஆகவே தூரிகை தேவைப்படுகிறது. சீருடையின் சிக்கல் வேறு. பிரிட்டிஷ் இராணுவம் 1902இல் ஏற்ற காக்கிச் சீருடை முரட்டுக் கம்பளி. மினுக்கமற்ற வண்ணத்தைத் தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாகக் குத்தினால்தான் அந்தச் சொரசொரப்பு வரும். பளபள வார்னிஷ் பித்தளைப் பொத்தானுக்கும் கண்விழிக்கும் மட்டுமே.