கிண்டியில் இரண்டு பந்தயங்கள்

கிண்டி என்றதும் நினைவுக்கு வருவது குதிரைப் பந்தயம். அதை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றியது. அது சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்று உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 1958இல் திறக்கப்பட்ட கிண்டித் தொழிற்பேட்டையைப் பாதித்தது இன்னொரு பந்தயம். நான் பேச விரும்புவது அதைப் பற்றி.

1991 ஜூலை 1, 3 ஆகிய இரு நாட்களில் ரிசர்வ் வங்கி ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. சுமார் 21 ரூபாயாக இருந்த டாலர் ஏறக்குறைய 26 ஆனது. இறக்குமதிச் சரக்கை நம்பிய பட்டறைக்காரர் பந்தயமே கட்டாமல் தோற்றார். ஏற்றுமதியாளர் ஓடாமலே ஜெயித்தார்.

1993 மார்ச்சிலிருந்து விலையைச் 'சந்தை' தீர்மானிக்கும் என்றார்கள். யார் இந்தச் சந்தை? பெரும்பாலும் தமக்குள் டாலரை வாங்கி விற்கும் வங்கிகள். அவ்வப்போது உள்ளே நுழையும் ரிசர்வ் வங்கி.

2008 ஆகஸ்டில் தேசியப் பங்குச் சந்தை நாணய முன்பேர வணிகத்தைத் தொடங்கியது. ஒரு 'லாட்' 1000 டாலர்; கட்டவேண்டிய முன்பணமோ அதில் சிறு பங்குதான். டாலர் ஒரு ரூபாய் நகர்ந்தால் 1000 ரூபாய் லாபம், இல்லையென்றால் நஷ்டம். "டாலர் ஏறுது, வாங்கிப் போடு" என்கிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. 2024 மே முதல், உண்மையான அந்நியச் செலாவணிப் பொறுப்பு உள்ளவர்களுக்கே இதில் இடம்.

குதிரைப் பந்தயத்தில் சீட்டு வாங்கியவன் தோற்கிறான். ரூபாய் சரிந்தால் சமையல் எரிவாயு வாங்குகிறவளும் தோற்கிறாள். எதைச் சூதாட்டம் என்பது?