கண்டும் காணாத கறுப்பு

கேரக்டர் ஷீட்டில் பெயர், வயது, உயரம் எல்லாம் நிரப்பிவிட்டு, தோற்றம் என்ற கட்டத்தில் யோசிக்காமல் ‘தலை முதல் கால் வரை கறுப்பு, கண் மட்டும் தெரியும்’ என்று எழுதினேன். ஆட்டத்தை நடத்துகிற நண்பன் தாளை வாங்கிப் படித்தான். “கறுப்பு மாட்டிக்கிட்டு ராத்திரியில சுத்துற ஆளு அந்த ஊர்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு, மச்சான். அவருக்குச் சொந்தமா கோட்டையே இருக்கு” என்றான்.

அந்த ஊர் பரோவியா. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்தார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று வாயாலேயே ஆடுவார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். 1983-இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி இந்த ஆட்டத்துக்கென்று ‘ரேவன்லாஃப்ட்’ என்று 32 பக்கத்தில் ஒரு திகில் கதைக்களம் எழுதினார்கள். மூடுபனி சூழ்ந்த பள்ளத்தாக்கு, உச்சியில் ஒரு கோட்டை, உள்ளே ரத்தம் குடிக்கும் பிரபு ஸ்ட்ராட் வான் ஸரோவிச். நாங்கள் ஆடியது அதை விரித்து 2016-இல் வந்த ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’. அப்பட்டமான கிழக்கு ஐரோப்பியப் பேய்க்கதை ஊர். அங்கே ஜப்பானிய நிஞ்ஜாவுக்கு என்ன வேலை என்று மற்ற மூன்று பேரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் தேடப் போன இடத்தில்தான் அந்தக் கறுப்பு உடை எங்கிருந்து நடந்து வந்திருக்கிறது என்று பார்க்க நேர்ந்தது.

முதலில் ஓர் ஏமாற்றம். அது நிஞ்ஜாவின் உடையே இல்லை.

ஷினோபி எனப்பட்ட ஒற்றர்கள் இருந்தது நிஜம். கியோட்டோவுக்கு அந்தப்பக்கம் மலைகளுக்கு நடுவே இருக்கும் இகா, கோகா என்ற இரண்டு பகுதிகள் அதற்குப் பேர்போனவை. 1581-இல் ஓடா நொபுநாகாவின் படை இகாவை நசுக்கியது. பிறகு தோகுகாவா ஆட்சியில் சண்டை ஓய்ந்தது, ஒற்றர்களுக்கு வேலை குறைந்தது. வேலை குறைந்தபிறகுதான் பாடப்புத்தகம் எழுத நேரம் கிடைத்திருக்கும்போல: 1676-இல் ‘பன்சென்ஷூகாய்’, 1681-இல் ‘ஷோனின்கி’. இதில் ஷோனின்கி ஏழு வேஷங்களைச் சொல்கிறது. கூடைத்தொப்பி கவிழ்த்த புல்லாங்குழல் துறவி, பௌத்த பிக்கு, மலைச்சாமியார், வியாபாரி, தெருவில் வித்தை காட்டுபவர், கூத்தாடி, கடைசியாகச் சாதாரண ஆள். முகமூடி போட்ட கறுப்பு மனிதன் இந்தப் பட்டியலில் கிடையாது. பட்டப்பகலில் அப்படி ஒருவன் தெருவில் போனால் ஒற்றன் என்று ஊரே கைகாட்டும் அல்லவா? ராத்திரியில் சுவரேறும்போது அடர்நிறத் துணி உடுத்தியிருக்கலாம். அது உலகத்தில் எந்தத் திருடனும் செய்வது. நம் மதுரைக்காஞ்சியில் நூலேணி சுற்றிக்கொண்டு திரியும் இரவுக் கள்வர்களுக்கும் நீலக் கச்சைதான். அவர்களுக்கு அங்கே ‘கண்மாறாடவர்’ என்று பெயர். பார்த்த கண்ணை இமைப்பதற்குள் மறைந்துபோகிறவர்கள். நிஞ்ஜாவுக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அந்தக் கறுப்பு யாருடையது? கபுகி மேடையில் எடுபிடி வேலை செய்பவனுடையது என்று சொல்பவர்கள் உண்டு. கபுகி நாடகத்தில் நடிகருக்கு விசிறி எடுத்துக் கொடுக்க, அமர முக்காலி வைக்க, மேலங்கியை உருவ ஆட்கள் இருப்பார்கள். குரோகோ என்று பெயர். முகத்திரை உட்பட முழுக் கறுப்பு. விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பேர் கண்ணெதிரில் மேடையில் நடமாடுவார்கள். ஆனால் பார்வையாளர்கள் அவர்களைப் பார்ப்பதில்லை. கறுப்பு என்றால் அங்கே யாரும் இல்லை என்று மேடைக்கும் சபைக்கும் ஒப்பந்தம். பனி பொழியும் காட்சியில் அதே ஆள் வெள்ளை உடுத்துவார், கடல் காட்சியில் நீலம். நமக்கு இது புதிதல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் பேசிக்கொண்டிருக்க, வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடி, பிறகு முகம் காட்டுவார். அந்தத் திரையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இரண்டு பேர் முகம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

நாடகக்காரனுக்கு இது போதாதா. எல்லோரும் ‘இல்லை’ என்று ஒத்துக்கொண்ட கறுப்பு உருவம் திடீரென்று கத்தியை உருவினால் சபை எப்படி அதிர்ந்திருக்கும்! மேடையில் நிஞ்ஜாவுக்குக் குரோகோ உடை வந்தது இப்படித்தான் என்பது அந்த விளக்கம். நடந்த நாளும் நேரமும் யாரும் குறித்துவைக்கவில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் இது அழகான விளக்கம், ஆகவே நம்புகிறேன். மேடையில் வந்த மாயாவிகள் எல்லோரும் கறுப்பு உடுத்தவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1777-இல் அரங்கேறிய ‘மெய்போகு செண்டாய் ஹாகி’யில் நிக்கி டான்ஜோ என்ற வில்லன் எலியாக மாறித் தப்பிப்பான். சபைக்கு நடுவே ஓடும் நடைமேடையில் ஒரு பொறிக்கதவு திறக்கும், புகை கிளம்பும், வாயில் ஓலைச்சுருளைக் கவ்வி, விரல்களில் முத்திரை பிடித்தபடி மெல்ல மேலே எழும்புவான். பேயும் மாயாவியும் மட்டுமே வரும் கதவு அது. இந்தப் பொறிக்கதவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மேடையிலிருந்து தாளுக்கு. 1817-இல் ஹொக்குசாய் தன் படத்தொகுதியில் கயிற்றைப் பிடித்து ஏறும் கறுப்பு மனிதன் ஒருவனை வரைந்தார். இன்றைக்கு நிஞ்ஜா என்றதும் மனதில் வரும் உருவம் கிட்டத்தட்ட அதுதான். 1911-லிருந்து ஒசாகாவில் தச்சிகாவா பதிப்பகத்தின் சின்னச் சின்னப் பாக்கெட் புத்தகங்கள், அவற்றில் குரங்குபோல் தாவும் நிஞ்ஜா சருதோபி சாசுகே. பிறகு சினிமா. 1962-இல் ‘ஷினோபி நோ மோனோ’ வந்தபோது உடை கெட்டிப்பட்டுவிட்டது. 1967-இல் ஜேம்ஸ் பாண்ட் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்துக்காக ஹிமேஜி கோட்டைக்குப் போனார். அங்கே ஒரு நிஞ்ஜா பள்ளிக்கூடமே நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 1981-இல் வந்த ‘என்டர் தி நிஞ்ஜா’வில் கதாநாயகன் இத்தாலிய நடிகர் ஃபிராங்கோ நீரோ, உடையோ பளிச்சென்ற வெள்ளை. ஒளிந்துகொள்ளவே பிறந்த உடைக்கு வந்த கதியைப் பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் டிவியில் பார்க்கும் ஹத்தோரி நீலம். மதுரைக்காஞ்சிக்கு அவன்தான் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறான்.

வீடியோ கடைகளில் நிஞ்ஜா படம் குவிந்துகிடந்த அந்தச் சமயத்தில்தான் உடை பகடை மேசைக்கு வந்து சேர்ந்தது. 1985-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு ‘ஓரியன்டல் அட்வென்சர்ஸ்’ என்ற விதிப்புத்தகம் வந்தது. அட்டையில் கைகாக்ஸ் பெயர், பெரும்பகுதி எழுதியது டேவிட் குக். ஆசியா முழுவதையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய புத்தகம் என்று அதன்மேல் விமர்சனம் உண்டு. அது சரிதான். ஆனால் அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்கள் வெறும் நிஞ்ஜாவாக இருக்கமுடியாது. போர்வீரன், துறவிப் படையாள், மந்திரவாதி மாதிரி இன்னொரு தொழிலையும் சேர்த்து எடுக்கவேண்டும். ஊருக்கு அதுதான் தெரியவேண்டும். நிஞ்ஜா என்று வெளியே தெரிந்தால் மானம் போயிற்று. 300 வருஷத்துக்கு முந்தைய ஷோனின்கியின் ஏழு வேஷம், அமெரிக்காவில் ஒரு விளையாட்டுக் கம்பெனியின் விதியாக மறுபிறவி எடுத்துவிட்டது! அந்த ஆட்களுக்கு அது தெரிந்து வந்ததா, தற்செயலா, போகட்டும். 2005-இல் வந்த இன்னொரு விதிப்புத்தகத்தில் இந்த நுட்பமெல்லாம் போய், நிஞ்ஜா என்றால் சில வினாடி நிஜமாகவே மறைந்துபோகும் ஆள் என்றாகிவிட்டது. 2014 புத்தகத்தில் நிஞ்ஜா தனி வகையாகக்கூட இல்லை. நிழல்வழித் துறவி என்று ஒன்று இருக்கிறது, இருட்டிலிருந்து இருட்டுக்கு 60 அடி தாவலாம். நான் எடுத்தது அதைத்தான்.

ஸ்ட்ராட் பிரபுவின் உடைக்கு வருவோம். நெட்டுக் காலர் வைத்த கறுப்பு மேலங்கி, ரத்தக்காட்டேரிக்கு என்றே தைத்ததுபோல் இருக்கும். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் ‘டிராகுலா’ எழுதியபோது அந்தக் காலர் கிடையாது. 1924-இல் ஹாமில்டன் டீன் அதை நாடகமாக்கினார். டிராகுலா மேடையில் எல்லோர் கண்முன்னாலும் மாயமாக மறையவேண்டும். என்ன செய்வது? தலையை மறைக்கிற உயரத்துக்குக் காலர் வைத்து, நடிகர் சபைக்கு முதுகைக் காட்டி நிற்பார். மற்றவர்கள் மேலங்கியைப் பிடித்திருக்கும்போதே அவர் தரையில் இருக்கும் பொறிக்கதவு வழியாகக் கீழே நழுவிவிடுவார். கையில் வெறும் துணி. லண்டனில் 1820-லேயே ஒரு ரத்தக்காட்டேரி நாடகத்துக்காகச் செய்த பொறிக்கதவுக்கு ‘வேம்பயர் டிராப்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆக நிக்கி டான்ஜோவுக்கு ஒரு கதவு, டிராகுலாவுக்கு ஒரு கதவு. பரோவியாவில் எதிரெதிரே நின்றவை இரண்டு நாட்டு நாடகக் கொட்டகைகளின் மேடைத் தந்திரங்கள். நிஞ்ஜாவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்ட நண்பர்களிடம் இதைச் சொன்னேன். “சரி, பகடையை உருட்டு” என்றார்கள்.

ஆட ஆரம்பித்ததும் தெரிந்தது, இந்த ஊரில் கறுப்பு செல்லாது. ரத்தக்காட்டேரிக்கு இருட்டில் கண் நன்றாகவே தெரியும். விதிப்படி ஸ்ட்ராடுக்கு 120 அடி. என் தாவலைவிட இரண்டு மடங்கு. சரி, ஷோனின்கி சொன்னபடி போவோம் என்று கூடைத்தொப்பித் துறவியாக வேஷம் மாற்றினேன். பரோவியாவில் உயிர் பெற்று நடமாடும் வைக்கோல் பொம்மைகள் உண்டு, ஆளைக் கொல்லும். தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு மூடுபனிக்குள்ளிருந்து ஒருவன் வந்தால் கிராமத்தார் என்ன நினைப்பார்கள்? கவட்டைக்கோலும் கல்லும்தான். மூன்றாவது வேஷம்தான் பலித்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ‘விசர்ட் ஆஃப் வைன்ஸ்’ என்று ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது, வல்லாகி ஊர் விடுதிக்குச் சரக்கு அங்கிருந்துதான் வரவேண்டும், ஊரிலோ சரக்குத் தட்டுப்பாடு. பீப்பாய் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். வாசல் காவலாளி என் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை, பீப்பாயைத்தான் பார்த்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் எங்கே பதுங்கியிருக்கிறேன் என்று வாய்விட்டுத்தான் சொல்லவேண்டும். “மாட்டுக்கொட்டகை பரண்மேல படுத்திருக்கேன்” என்று மேசையில் நான் சொல்வதை நான்கு பேரும் கேட்பார்கள். ஆனால் அவர்கள் கட்டியிருக்கும் வேஷத்துக்கு அது தெரியாது. அடுத்த நிமிடம் பாதிரியார் வேஷம் கட்டியவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “நிஞ்ஜா எங்கடா போனான்?” என்று கவலைப்படுவான். குரோகோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த சபையும் இப்படித்தானே.

திகில் ஆட்டத்தில் நிஞ்ஜாவுக்கு இன்னொரு கஷ்டம். பேய்க்கதையில் தனியாகப் போகிறவன்தான் முதலில் சாவான். நிஞ்ஜாவின் தொழிலோ தனியாகப் போவது. மற்றவர்கள் என்னை விடவே மாட்டேன் என்றார்கள். ஸ்ட்ராடிடமிருந்து விருந்துக்கு வரச்சொல்லி எங்கள் எல்லோருக்கும் கடிதம் வந்திருந்தது. நான்கு பேரும் வாசல் வழியாகப் போகலாம் என்பது அவர்கள் கட்சி. அழைப்பு இல்லாமல் ரத்தக்காட்டேரியால் ஒரு வீட்டுக்குள் கால் வைக்கமுடியாது. அழைப்பு இல்லாத வீட்டுக்குள் போவதற்கென்றே பயிற்சி எடுத்தவன் நான். அழைப்பை வைத்துக்கொண்டு போனால் அப்புறம் என்ன நிஞ்ஜா?

பீப்பாய் வண்டிக்காரன் சட்டையைக் கழற்றி மடித்துவைத்தேன். கறுப்பை எடுத்து உடுத்திக்கொண்டேன். கொக்கிக் கயிறு வீசி, கோட்டையின் தெற்குச் சுவரில் ஏறினேன். பகடை 18 விழுந்தது. நல்ல எண். நடத்துநன் மறைப்புத் தட்டிக்குப் பின்னாலிருந்து, “யாரும் பாக்கல” என்றான். இன்னொரு உருட்டல், 15. “இன்னும் யாரும் பாக்கல. மூணாவது மாடி ஜன்னல். தாழ்ப்பாள் போடல, உள்ள மெழுகுவத்தி எரியுது.”

எட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

“நீளமான சாப்பாட்டு மேஜை. அஞ்சு தட்டு வெச்சிருக்கு. நாலு வாசப்பக்கம். ஒண்ணு மட்டும் ஜன்னல் பக்கம், நாற்காலியை உனக்காக லேசா இழுத்து வெச்சிருக்கு.”