பேர் போட்டார்களா?

கம்பெனிப் படத்துக்கு கிளையன்ட் தரும் பிரீஃப் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். படம் எத்தனை நிமிடம், பார்க்கப்போவது வெளிநாட்டு வாடிக்கையாளரா முதலீட்டாளரா, எந்த மெஷின் கட்டாயம் வரவேண்டும், சேர்மன் எத்தனை வினாடி பேசுவார். பீட்டாகேம் டேப் காலத்தில் சென்னையில் இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். கேமரா பலமுறை மாறிவிட்டது. அந்த ஒரு பக்கம் அப்படியே இருக்கிறது. அதற்கு மூதாதை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், இலங்கைத் தேயிலையை விற்பதற்காக எழுந்த ஒரு பிரீஃபைத்தான் காட்டுவேன்.

முப்பதுகளின் தொடக்கம். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். தேயிலை விலை விழுந்து கிடந்தது. இலங்கைத் தேயிலையைப் பிரபலப்படுத்த 1932ல் ஒரு பிரசாரச் சபை உருவானது. அதை நடத்தியவர் ஜெர்வாஸ் ஹக்ஸ்லி. அதற்கு முன் லண்டனில் பேரரசுச் சந்தை வாரியத்தின் விளம்பரப் பணியில் இருந்தவர். அந்த வாரியத்தில்தான் ஜான் கிரியர்சன் தன் படப்பிரிவை வளர்த்திருந்தார். 1933ல் வாரியத்தை மூடியபோது படப்பிரிவு அப்படியே பிரிட்டிஷ் தபால் துறைக்கு இடம்பெயர்ந்தது. கிளையன்டும் படம் எடுப்பவரும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். எங்கள் தொழிலில் இது பாதி வேலை முடிந்த மாதிரி.

கேட்டது சிக்கலான விஷயமே இல்லை: இலங்கையைப் பற்றி, ஒவ்வொன்றும் ஒரு ரீல் நீளத்தில், நான்கு பயணப்படங்கள். ஒரு ரீல் என்றால் ஏறக்குறைய பத்து நிமிடம். அனுப்பப்பட்டவர் கிரியர்சனின் இயக்குநர் பாசில் ரைட். வயது முப்பதைத் தொடவில்லை. உதவிக்கு ஜான் டெய்லர். கேமராவில் பதிந்தது படம் மட்டும்தான். ஒலியெல்லாம் திரும்பிவந்து லண்டனில் சேர்த்தது.

திரும்பிய ரைட் நான்கு படம் கொடுக்கவில்லை. நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாக, நாற்பது நிமிடத்துக்குக் கோத்துவிட்டார். அதுதான் 1934ல் வந்த ‘சாங் ஆஃப் சிலோன்’. சிவனொளிபாத மலை ஏறும் யாத்திரிகர்கள், கண்டிய நடனம், பொலன்னறுவையின் கல் புத்தர். ஓரிடத்தில் மணியோசை அடுக்கடுக்காக எழ, ஒரு பறவை நீர்ப்பரப்பின் மேல் பறந்து போகிறது. தேயிலைக்கும் அந்தப் பறவைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் அந்த ஷாட்டை வைத்திருந்தால், ‘இது எதுக்கு சார்?’ என்று முதல் ஸ்கிரீனிங்கிலேயே கேட்டிருப்பார்கள்.

வர்ணனை அதைவிடத் துணிச்சல். ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டி ராஜ்யத்தில் பத்தொன்பது வருடம் சிறைப்பட்டிருந்து, தப்பிப்போய் 1681ல் எழுதிய புத்தகம்தான் வர்ணனைக்கு மூலம். படித்தவர் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட். நாக்ஸ் காலத்தில் அந்தத் தீவில் தேயிலைத் தோட்டமே கிடையாது. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867ல். பிறகு இலை நோய் அங்கிருந்த காப்பியைத் தின்று தீர்த்ததால்தான் மலை முழுக்கத் தேயிலையானது. தேயிலை விற்கும் படத்துக்கு, அந்தத் தீவில் தேயிலைத் தோட்டத்தையே பார்க்காதவனின் வாசகம்! அதையும் ஏற்றுக்கொண்ட கிளையன்டை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1935ல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் படம் பரிசு வாங்கியது.

மூன்றாம் பகுதிக்குப் பெயர் ‘வணிகத்தின் குரல்கள்’. திரையில் ஒருவர் தென்னை ஏறிக்கொண்டிருப்பார். காதில் சந்தை விலையும் கப்பல் போக்குவரத்தும் வியாபாரக் கடித வாசகமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வருவதும் இந்தப் பகுதியில்தான். விலைக்குக் குரல் இருக்கிறது, கடிதத்துக்குக் குரல் இருக்கிறது. பறிக்கிற பெண்கள் பேசுவதில்லை.

அந்த மலைத்தோட்டங்களின் உழைப்பு பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களுடையது. 1927ல் அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது; மந்தம் வந்ததும் அந்தக் கூலியும் வெட்டப்பட்டது. ரைட் கேமராவோடு திரிந்தது அந்தக் காலத்தில்தான். பிரீஃபின் வடிவத்தை அவர் தைரியமாக உடைத்தார். அது கேட்காமல் விட்ட விஷயத்தை மட்டும் அவரும் கேட்கவில்லை.

இது எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் அப்பாயி அந்த மலையில் கொழுந்து பறித்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி, கோத்தகிரிப் பக்கம் வந்து மறுபடியும் கொழுந்தே பறித்தவர். 2006ல் ஒரு பொங்கல் விடுமுறைக்குப் போனபோது லேப்டாப்பில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். யாத்திரைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்துக் காட்சி வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

‘எங்க ஆத்தா காலத்து ஆளுக’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘ஏன் ராசா, படம் புடிச்ச அன்னிக்கு இவுகளுக்குப் பேரு போட்டாங்களா?’

மலைநாட்டில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலி. கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போட்டால்தான் அன்றைய உழைப்பு உழைப்பு. கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர். வெள்ளைக்காரர் கேமராவுக்காக நின்று நின்று பறித்தால் கூடை எப்படி நிறையும் என்பது அவர் கவலை. ஒலியைப் பற்றியும் எடிட்டிங்கைப் பற்றியும் நான் சேர்த்துவைத்திருந்த பாடம் எதிலும் அதற்குப் பதில் இல்லை.

பதிலுக்கு எனக்கு நினைவு வந்தது 1999ல் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. பிரீஃபில் மூன்றாவது வரி: சிரித்த முகங்கள் வேண்டும். ஜன்னல் வெளிச்சத்துக்காகத் தையல் மெஷின்களை நகர்த்தி, ஒரு பெண்ணை ஏழு டேக் சிரிக்கவைத்தேன். லைன் ஒன்றரை மணி நேரம் நின்றது. சாயங்காலம் நாங்கள் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர்கள் இன்னும் தைத்துக்கொண்டிருந்தார்கள். ‘விட்ட பீஸை முடிச்சாத்தான் பஸ் கிளம்பும்’ என்றார் சூப்பர்வைசர், சாதாரணமாக. அந்தச் சிரிப்பு படத்தில் நன்றாகவே வந்தது. கிளையன்டுக்கு ரொம்பத் திருப்தி.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குப் பெருமை சொல்ல நிறைய இருக்கிறது. ஐம்பதுகளில் பர்மா ஷெல் கம்பெனி நாட்டு வாழ்க்கையைப் படம்படமாக எடுக்க வைத்தது. டாட்டாவின் எஃகுப் படத்தை ஹரிசாதன் தாஸ்குப்தா இயக்க, ஸ்கிரிப்ட் எழுதியவர் சத்யஜித் ராய். பிரீஃபுக்குள் இருந்துகொண்டே கலை செய்யலாம் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் இவர்கள். ஜூனியர்களுக்கு நான் முதலில் சொல்வது இவர்களைத்தான்.

அப்பாயி கேட்ட கேள்வியைக் கடைசியில் சொல்கிறேன். பிரீஃப் கைக்கு வந்ததும் நான் திருப்பி அனுப்பும் கேள்விப் பட்டியலில் பதினோராவதாக அது இருக்கிறது: ‘படப்பிடிப்பால் நிற்கும் வேலை நேரத்துக்குத் தொழிலாளர்களுக்குக் கூலி உண்டா? எந்தக் கணக்கில்?’ சிலர் உடனே சரி என்கிறார்கள். சிலர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் அனுப்புவார்கள். அப்போது என் கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்து, எதிரே தொகையும் போட்டுவிடுகிறேன். அந்த வரிக்கு ‘பேர்’ என்றுதான் தலைப்பு. சென்னையில் இதுவரை ஒருவரும் அர்த்தம் கேட்டதில்லை. பேரம் பேசும்போது முதலில் அடிப்பது அதைத்தான்.